அலைவழி இணைப்பு: காரும் திறன்பேசியும் பேசும் முறைமை

காரைதீவிலிருந்து மேற்கே சம்மாந்துறை நோக்கிச் செல்லும் சாலையில், நெல்வயல்கள் இருபுறமும் விரிந்து கிடக்க, நடுவே அமைந்த ஊர் மாவடிப்பள்ளி. அச்சாலையில் நாள்தோறும் ஓடும் கார்களுள் பல, ஜப்பானில் செய்யப்பட்டு, அந்நாட்டுத் தெருக்களில் சில ஆண்டுகள் ஓடி, அதன்பின் கப்பலேறி இலங்கையை அடைந்தவை. பிரியஸ், அக்குவா, வெசல், வேகன் ஆர் என்னும் பெயர்களைக் கல்முனைக் கரையோரத்தில் சிறுவரும் அறிவர். பெற்றோலும் மின்கல அடுக்கும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் வகைக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. 2020-இல் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு அவ்வழி மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாட்டிலிருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. அவற்றின் மின்கலங்களும் முதுமை எய்தின. வாங்குவோருக்கும் விற்போருக்கும் ஓட்டுவோருக்கும், காரின் உள்நலத்தை அறிவது இன்றியமையாத தேவையாயிற்று.

அத்தேவையைத் தீர்க்க வந்தவை, காரில் செருகும் ஒரு சிறு கருவியும் திறன்பேசியில் இயங்கும் ஒரு செயலியும். இவை கம்பியின்றிப் பேசிக்கொள்கின்றன. காரின் முன்பலகையில் உள்ள தலைக்கருவியும் அவ்வாறே கைபேசியோடு பேசி, அழைப்பையும் ஒலியையும் நிலப்படத்தையும் ஏற்கின்றது. இப்பேச்சு தடைப்படும்போது, “கனெக்ட் ஆகுதில்ல” என்ற ஒரே சொல்லோடு நம்மவர் பலர் நின்றுவிடுகின்றனர். அணைத்து மூட்டுகின்றனர், கைபேசியைக் குறை கூறுகின்றனர், புதிய செருகியொன்றை வாங்குகின்றனர், பணம் போகின்றது, பிணி தீர்வதில்லை.

இங்கே நாம் உறுதியாக உணர வேண்டிய உண்மை ஒன்று உண்டு. அலைவழி இணைப்பு என்பது படிப்படியாக அடுக்கிய ஒரு வரிசை. மின்வலு, அலை, அறிமுகம், பணி உடன்பாடு, செயலியின் உரிமை, காரின் விடை என அப்படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. ஒரு படி தவறினும் திரையில் தோன்றும் அறிவிப்பு ஒன்றே. கடைமடை வயலுக்கு நீர் வராதபோது, நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானை வாய்க்காலோடு மேலே நடந்து, எந்த மதகுவரை நீர் நிற்கின்றது, எங்கே நின்றுபோயிற்று என்று பார்ப்பார். இணைப்பின் பிணியைத் தேடுவோர்க்கும் அந்நடையே நெறி.

அலையின் இயல்பு

முதலில் அலையை அறிவோம். ஒளி ஒரு மின்காந்த அலையே என்பதை மக்ஸ்வெல் 1865-இல் கணிதத்தால் காட்டினார். ஹேட்ஸ் 1880களின் இறுதியில் வானொலி அலைகளை ஆய்வுக்கூடத்தில் தோற்றுவித்துக் காட்டினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், மில்லிமீற்றர் அளவேயான அலைநீளம் கொண்ட அலைகளை ஆக்கி, அவற்றின் பண்புகளை ஆராய்ந்தார். இன்று கைபேசியும் காரும் பயன்படுத்தும் நுண்ணலை அறிவியலின் முன்னோடிகளுள் அவரும் ஒருவர்.

ஒரு நொடியில் அலை எத்தனை முறை அதிர்கின்றது என்பதே அதன் மீடிறன். புளூடூத் எனப்படும் ஊடலை 2,400 முதல் 2,483.5 மெகாஹேட்ஸ் வரையுள்ள பட்டையில் இயங்குகின்றது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர். தொழில், அறிவியல், மருத்துவம் ஆகியவற்றின் கருவிகளுக்கென 1947-இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு மாநாடு ஒதுக்கிய பட்டைகளுள் இதுவும் ஒன்று. நுண்ணலை அடுப்பும் இப்பட்டையிலேயே வேலை செய்கின்றது. 1985-இல் அமெரிக்கா இதனை உரிமமின்றித் தொடர்பாடலுக்கும் பயன்படுத்த இசைந்தது. அதன் பின் உலகெங்கும் வைஃபை எனப்படும் அருகலையும் ஊடலையும் இங்கே குடியேறின. கட்டணமில்லாப் பொதுவெளி ஆதலால் இதில் நெருக்கமும் மிகுதி.

நெருக்கத்தில் வழி காண ஊடலை கையாளும் முறை சிறப்பானது. பட்டையை ஒவ்வொரு மெகாஹேட்ஸ் அகலமுள்ள 79 தடங்களாகப் பகுத்து, நொடிக்கு 1,600 முறை தடம் மாறித் தாவிக்கொண்டே பேசுகின்றது. இருமுனையும் ஒரே வரிசையில் தாவுவதால் பேச்சு தொடர்கின்றது. ஒரு தடத்தில் இரைச்சல் இருப்பின் அடுத்த தாவலில் அது கடந்துபோகின்றது. தடம் தாவும் இக்கருத்து, நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜோர்ஜ் அந்தைலும் 1942-இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையிலேயே காணப்படுகின்றது. எதிரி குழப்ப முடியாதவாறு நீர்மூழ்கி எறிகணையை வழிநடத்த, 88 மீடிறன்களுக்கிடையே தாவும் ஒரு பொறியை அவர்கள் வகுத்தனர். 2003-இல் வெளிவந்த ஊடலையின் 1.2 பதிப்பு, இரைச்சல் மிக்க தடங்களை முன்னறிந்து ஒதுக்கும் ஆற்றலையும் சேர்த்தது.

சுவீடனின் லண்ட் நகரில் எரிக்சன் நிறுவனம் 1994-இல் இவ்வாய்வைத் தொடங்கியது. நெதர்லாந்துப் பொறியியலாளர் யாப் ஹார்ட்சன் அதன் தலையாய சிற்பி. 1998-இல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐபிஎம், தோஷிபா ஆகிய ஐந்தும் கூடி இதனைப் பொதுத்தரமாக்கின. கைபேசிகளில் பெரிதும் காணப்படும் வகையின் அலைவலு 2.5 மில்லிவாற்று மட்டுமே. ஏறத்தாழ 10 மீற்றர்வரை பேச அது போதும். காரின் உள்ளே தொலைவு 2 மீற்றரைத் தாண்டுவதில்லை. ஆகவே, காருக்குள் இணைப்பு முழுமையாக மறுக்கப்படுமாயின், “அலை எட்டவில்லை” என்பது பெரும்பாலும் காரணமாகாது. இணைப்பு கிடைத்தபின் ஒலி விட்டுவிட்டு வருமாயின் அலையை ஐயுறுவது பொருந்தும். மனித உடல் பெரிதும் நீராலானது. இம்மீடிறன் அலைகளை நீர் உறிஞ்சும். பின்பையிலிருக்கும் கைபேசியை முன்பலகைக்கு மாற்றிப் பாருங்கள். திணறல் தீர்ந்தால் விடை கிடைத்துவிட்டது.

இரைச்சலின் ஊற்று காரின் உள்ளேயும் இருக்கக்கூடும். யூஎஸ்பி 3.0 கருவிகளும் வடங்களும் 2.4 கிகாஹேட்ஸ் பட்டையில் இரைச்சலை உமிழ்கின்றன என்பதை இன்டெல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை விளக்கியது. தரமற்ற மின்னேற்றிகளும் காணொளிப் பதிவுக் கருவிகளும் இடையூறு செய்யலாம். அவற்றைக் கழற்றிவிட்டுச் சோதிப்பதற்குச் செலவேதும் இல்லை. ஊரமைப்பும் நமக்கு ஒரு சோதனைக்கூடமே. கல்முனைக் கடைத்தெருவில் கடைக்குக் கடை அருகலைப் பெட்டிகள் நிறைந்துள்ளன. மாவடிப்பள்ளி வயல்வெளிச் சாலையில் அவை அரிது. கடைத்தெருவில் திணறும் ஒலி வயல்வெளியில் தெளிந்தால் பிணி இரைச்சல். ஈரிடத்தும் ஒரே தன்மையாயின் இரைச்சலை விட்டு வேறு படியை நாடுக.

கருவி பழுதுபடாமலும் தொடர்பு இல்லாமற் போகலாம் என்பதற்கு நம் கார்களே சான்று. ஜப்பானின் பண்பலை வானொலிப் பட்டை நெடுங்காலம் 76 முதல் 90 மெகாஹேட்ஸ் வரை இருந்தது. இலங்கை நிலையங்களோ 88 முதல் 108 வரை ஒலிபரப்புகின்றன. ஜப்பானிய வானொலி இங்கே பெரும்பாலான நிலையங்களுக்குச் செவிடாக இருப்பது இதனாலேயே. மீடிறனைத் தாழ்த்தித் தரும் ஒரு சிறு கருவியைப் பொருத்தியதும் அது பேசுகின்றது. வானொலியில் பழுதேதும் இருந்ததில்லை. இரு நாடுகளின் ஏற்பாடுகள் பொருந்தாமையே குறை. ஊடலைக் குறைபாடுகளிலும் பல இவ்வகையினவே.

அறிமுகமும் மறைக்குறியும்

அலை எட்டிய பின் நிகழ்வது அறிமுகம். முதன்முறை இணையும் இரு கருவிகளும் தமக்குள் ஒரு மறைக்குறியை உருவாக்கி, இருபுறமும் சேமித்துக்கொள்கின்றன. மறுநாள் காரை இயக்கியதும் தாமாகவே இணைவது அக்குறியின் துணையால்தான். 2007-இல் வந்த 2.1 பதிப்புக்கு முன்னர், நான்கு இலக்கக் குறியெண்ணை நாமே இட வேண்டியிருந்தது. அதன்பின் இருதிரையிலும் ஒரே 6 இலக்க எண் தோன்றும். இரண்டும் ஒன்றா என்று நாம் உறுதி கூறுகின்றோம். வெளிப்படையாகப் பேசும் இருவர், கேட்போர் எவரும் அறியாவண்ணம் ஒரு பொதுமறையை அடையலாம் என்பதை டிஃபியும் ஹெல்மனும் 1976-இல் காட்டிய கணிதமே இதன் அடிப்படை. இடையில் எவரேனும் புகுந்து இருபுறமும் ஏமாற்ற முயன்றால் அவ்விரு எண்களும் மாறுபடும். ஆகவே, எண்ணைப் பாராமல் “ஆம்” என அழுத்துவது காவலை நாமே கைவிடுவதாகும்.

இணைப்புப் பிணிகள் பல இந்தப் படியிலேயே பிறக்கின்றன. கைபேசியில் காரின் பெயரை அழித்துவிட்டீர்கள். காரிலோ பழைய குறி அப்படியே உள்ளது. அல்லது, கைபேசியின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டு அதன் குறி மாறிவிட்டது. கார் பழைய குறியைக் கொண்டு கேட்கின்றது. கைபேசி அதனை அறியேன் என்கின்றது. இணைப்பு ஒரு நொடி தோன்றி மறைவது இந்நிலையின் அடையாளம். தீர்வு, இருபுறமும் பழைய பதிவை அழித்து, இருகருவிகளையும் ஒருமுறை அணைத்து மூட்டி, அறிமுகத்தைப் புதிதாகச் செய்வது. ஒருபுறம் மட்டும் அழிப்பது பிணியை வளர்க்கும்.

தலைக்கருவியின் நினைவகத்தில் குறிப்பிட்ட சில கைபேசிகளுக்கே இடமுண்டு. கைமாறி வந்த காரில் முன்னைய உரிமையாளர்களின் கைபேசிகள் அவ்விடத்தை நிறைத்திருக்கலாம். புதியதை ஏற்க அது மறுக்கும். பட்டியல் ஜப்பானிய எழுத்தில் இருப்பதால் நம்மவர்க்கு அது புலப்படுவதில்லை. கைபேசியின் ஒளிப்படக் கருவி கொண்டு மொழிபெயர்க்கும் செயலியால் அப்பட்டியலைப் படித்து, பழைய பெயர்களை நீக்குதல் இன்று எவர்க்கும் எளிது. மின்கலம் கழற்றப்பட்ட பின் சில தலைக்கருவிகள் நிலப்பட நினைவட்டையைக் கேட்டு இயங்காது நின்றுவிடுவதும் உண்டு. அதனை ஊடலையின் குற்றமாகக் கொள்ளலாகாது.

ஒரே இணைப்பில் பல பணிகள்

அறிமுகம் முடிந்ததும் எல்லாப் பணியும் தொடங்கிவிடுவதில்லை. அழைப்பைக் கையாளுதல், ஒலியைச் செலுத்துதல், பாடலை நிறுத்தி நகர்த்துதல், பெயரேட்டைப் படித்தல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உடன்பாடு உண்டு. இருமுனையும் அவ்வுடன்பாட்டை அறிந்திருந்தால்தான் அப்பணி நடக்கும். பழைய ஜப்பானியத் தலைக்கருவிகள் சிலவற்றில் அழைப்பு உடன்பாடு மட்டுமே உண்டு. அவற்றில் தொலைபேசிப் பேச்சு கேட்கும், குர்ஆன் ஓதலோ செய்தியோ கேளாது. அக்கருவியில் எத்துணை முயன்றாலும் அவ்வொலி வாராது. புதிய கருவியாயின், கைபேசியின் அமைப்பில் அக்காரின் பெயரைத் தொட்டு, ஊடக ஒலிக்கான இசைவு இயங்குநிலையில் உள்ளதா என்று பார்த்தல் போதும்.

நிலப்படத்தைக் காரின் திரையில் கம்பியின்றிக் காட்டும் அன்ட்ரொய்ட் ஓட்டோ, கார்பிளே ஆகியவற்றில் இரு அலைவழிகள் பங்கேற்கின்றன. கார்பிளே 2014-இலும் அன்ட்ரொய்ட் ஓட்டோ 2015-இலும் கம்பிவழியாகவே அறிமுகமாயின. கம்பியில்லா வடிவம் பின்னரே வந்தது. இதில் ஊடலை முதலில் கைபேசியையும் காரையும் அறிமுகப்படுத்துகின்றது. அருகலையின் பெயரையும் மறைச்சொல்லையும் கைமாற்றுகின்றது. அதன்பின் படமும் ஒலியும் பெரும்பாலும் 5 கிகாஹேட்ஸ் அருகலையில் பாய்கின்றன. ஆதலால், ஊடலை நன்றாக இருந்தும் திரை வாராவிடின் அருகலையையே ஆராய வேண்டும். கைபேசியில் அருகலை அணைக்கப்பட்டிருத்தல், பிறர்க்கு இணையம் பகிரும் நிலை இயங்குதல், விபிஎன் எனப்படும் மறைவலைச் செயலி குறுக்கிடுதல், மின்சேமிப்பு நிலை பின்னணிப் பணிகளை நிறுத்துதல் ஆகியன காரணங்கள். அதே கைபேசி வடத்தின் வழியே இயங்குமாயின் செயலியும் தலைக்கருவியும் நலம், அலைவழியே பிணி. இச்சோதனை ஒன்றே பாதித் தேடலை மிச்சப்படுத்தும்.

நோயறி செருகி

இனி, நம் ஊர்க் கார்களின் நலத்துக்கு மிகவும் பயன்படும் இணைப்புக்கு வருவோம். சுக்கானின் கீழே 16 முனைகள் கொண்ட ஒரு பொருத்துவாய் உண்டு. ஓபிடி-2 எனப்படும் இத்தரத்தை 1996 முதல் அமெரிக்கா தன் நாட்டில் விற்கப்படும் கார்களுக்குக் கட்டாயமாக்கியது. உலகம் அதனைப் பின்பற்றியது. அதன் 16-ஆம் முனை காரின் 12 வோல்ற்று மின்கலத்தோடு இணைந்தது. 4-உம் 5-உம் புவித்தொடுப்புகள். 6-உம் 14-உம் காரின் கணினிகள் தமக்குள் பேசும் இருகம்பித் தடம். அத்தடத்தின் மொழியை ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் 1986-இல் உலகுக்கு அறிவித்தது. ஈஎல்எம்327 எனப்படும் சில்லைக் கொண்ட செருகி, அம்மொழியைக் கைபேசிச் செயலிக்குப் பெயர்த்துக் கூறும்.

உரையாடல் எளிமையானது. குளிர்விப்பு நீரின் வெப்பநிலையை அறியச் செயலி 01 05 என்று கேட்கின்றது. கார் 41 05 78 என்று விடை தருவதாகக் கொள்வோம். இறுதி எண் பதினறும எண்முறையிலானது. நம் எண்முறையில் அது 120. அதிலிருந்து 40-ஐக் கழிக்க 80 பாகை செல்சியசு கிடைக்கின்றது. இவ்வாறே வேகம், சுழற்சி, எரிபொருள் கலவை எனப் பல வினாக்கள் உள்ளன.

வாங்குவோர் மறவாது கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு. 01 31 என்பது, பிழைக்குறிகள் அழிக்கப்பட்ட பின் கார் ஓடிய தொலைவைக் கூறும்; 01 30 என்பது, அதன்பின் எத்தனை முறை பொறி சூடேறியது என்பதைக் கூறும். இவற்றுக்கு விடைதரும் காரில், விற்பனைக்கு முந்திய நாள் எச்சரிக்கை விளக்கை அணைத்துவிட்டு வந்தவரின் செயல் மறையாது. குறையை மறைத்து விற்பது நம் மார்க்கம் தடுத்த வணிகம். அக்குறையை வெளிப்படுத்தும் கருவியும் அறிவும் ஒவ்வொரு வாங்குவோர் கையிலும் இருத்தல் வேண்டும்.

ஹைபிரிட் கார்களின் மின்கல அடுக்கு இதைவிடவும் முதன்மையானது. மூன்றாம் தலைமுறைப் பிரியசில் 168 நிக்கல் கலங்கள் 28 தொகுதிகளாக நின்று 201.6 வோல்ற்றுத் தருகின்றன. அக்குவாவின் முதல் தலைமுறையில் 120 கலங்கள், 144 வோல்ற்று. ஏற்றமேறும்போது எத்தொகுதியின் மின்னழுத்தம் மற்றவற்றைவிட மிகுதியாகத் தாழ்கின்றது என்பதைச் செயலி காட்டுமாயின், நலிந்த தொகுதியை முன்னரே அறியலாம். ஆனால் இவ்விவரம் பொதுத்தர வினாக்களுள் அடங்காது; உற்பத்தியாளரின் தனிவினாக்களை அறிந்த செயலியே இதைக் கேட்க வல்லது. பொதுச் செயலியில் மின்கல விவரம் வாராமைக்கு இணைப்பைக் குற்றஞ்சாட்டுதல் தகாது. விவரம் கண்டபின் அடுக்கைத் தாமே பிரிக்க முற்படுவதும் கூடாது. செம்மஞ்சள் நிற உறையிட்ட கம்பிகளில் உயிர் பறிக்கும் அழுத்தம் உண்டு. அது பயிற்சி பெற்றவர் பணி.

வினாக்களின் வரிசை

செருகி இணையாதபோது கீழ்ப்படியிலிருந்து மேல்நோக்கி வினவுக.

செருகியில் விளக்கு எரிகின்றதா? எரியாவிடின் மின்வலு இல்லை. சில கார்களில் இப்பொருத்துவாயும் மின்னேற்றிக் குழியும் ஒரே உருகியைப் பகிர்கின்றன. தரமற்ற மின்னேற்றி அவ்வுருகியை எரித்திருக்கலாம். கடற்காற்றின் உப்பும், வடகீழ்ப் பருவத்து வெள்ளநீரும் முனைகளை அரித்திருக்கவும் கூடும். வெள்ளத்தில் நின்ற காரில் தாழ்வாயுள்ள இப்பொருத்துவாயை முதலில் பார்க்க வேண்டும்.

விளக்கு எரிந்தால் கார் விழித்துள்ளது என்று முடிவு செய்யலாகாது. 16-ஆம் முனையில் மின் எப்போதும் உண்டு. காரின் கணினிகளோ உறங்கியிருக்கலாம். டொயோட்டா ஹைபிரிட்டில் நிறுத்தியை மிதிக்காமல் பொத்தானை இருமுறை அழுத்தினால் கணினிகள் விழிக்கும். மிதித்து அழுத்தினால் ‘ரெடி’ நிலை வரும். அதன்பின்னரே செயலி விடை எதிர்பார்க்கலாம்.

கைபேசி செருகியைக் காண்கின்றதா? இங்கே கைபேசியின் வகை முதன்மை பெறுகின்றது. மரபுவழி ஊடலைச் செருகியை அன்ட்ரொய்ட் கைபேசியின் அமைப்பில் 1234 அல்லது 0000 என்னும் குறியெண்ணால் அறிமுகப்படுத்த வேண்டும். அவ்வகைச் செருகி பொதுவாக ஐபோன் செயலிகளுடன் பேசாது. ஐபோனுக்குப் பிஎல்ஈ எனப்படும் குறைவலு ஊடலையோ அருகலையோ கொண்ட செருகி வேண்டும். குறைவலு வகையைக் கைபேசியின் அமைப்பில் அறிமுகப்படுத்தாமல், செயலியின் உள்ளிருந்தே இணைப்பது முறை. அருகலைச் செருகியாயின், அதில் இணையம் இல்லை எனக் கண்ட கைபேசி தானாகவே கைபேசி வலைக்குத் தாவிவிடும். இணைப்பில் நிலைத்திரு என்று நாம் ஆணையிட வேண்டும்.

வேறொரு கைபேசி செருகியைப் பற்றியுள்ளதா? மரபுவழிச் செருகி ஒரு நேரத்தில் ஒருவரோடு மட்டுமே பேசும். உடன்வந்த மகனின் கைபேசியில் அதே செயலி பின்னணியில் இயங்கினால், தந்தையின் கைபேசிக்கு வழி அடைபடும்.

செயலிக்கு உரிமை தரப்பட்டுள்ளதா? 2015-இல் வந்த அன்ட்ரொய்ட் 6 முதல், அருகிலுள்ள ஊடலைக் கருவிகளைத் தேட இருப்பிட உரிமை தேவைப்பட்டது. 2021-இல் வந்த அன்ட்ரொய்ட் 12 முதல், அருகிலுள்ள சாதனங்கள் என்னும் தனியுரிமை வந்தது. அவ்வுரிமையை மறுத்த கைபேசியில் செயலி வெற்றுப் பட்டியலையே காட்டும்.

இறுதி வினா, தடையின் இடத்தைச் செம்மையாக வரையறுப்பது. மின்கல வோல்ற்றளவைச் செயலி காரிடம் கேளாமல் செருகியிடமே கேட்க முடியும். செருகி 12 வோல்ற்றளவில் விடை தந்து, காரின் வெப்பநிலை மட்டும் வாராவிடின், கைபேசிக்கும் செருகிக்கும் இடையிலுள்ள அலைவழி முழுமையாக நலம். பிணி செருகிக்கும் காருக்கும் இடையே. கார் உறங்குகின்றது, அல்லது அதன் பழைய மொழியைச் செருகி அறியவில்லை, அல்லது செருகி கட்டளைகள் பலவற்றைக் கைவிட்ட போலிச் சில்லைக் கொண்டது, அல்லது கம்பி அறுந்துள்ளது. கராஜில் பல்மானி கொண்டு, மின்வலு அணைந்த நிலையில் 6-க்கும் 14-க்கும் இடையே அளந்தால், தடத்தின் இருமுனையிலும் உள்ள 120 ஓம் தடைகள் இணைந்து பொதுவாக 60 ஓம் காட்டும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்துள்ளது என்று ஐயுறலாம்.

இவ்வரிசையில் ஒரு விதி தவறலாகாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. மாற்றியபின் விளைவைக் குறித்துக்கொள்க. செருகியையும் கைபேசியையும் செயலியையும் ஒருங்கே மாற்றினால், இணைப்பு கிடைத்தாலும் எது தீர்த்தது என்பது விளங்காது. அடுத்த முறை தேடல் முதலிலிருந்தே தொடங்கும்.

காவலும் கடமையும்

இணைப்பு கிடைத்தபின்னும் பொறுப்பு உண்டு. செருகியைப் பொருத்துவாயிலேயே விட்டுவிடுவது பலர் வழக்கம். அது 40 மில்லியம்பியர் இழுப்பதாகக் கொண்டால் ஒரு நாளில் ஏறத்தாழ 1 அம்பியர் மணி செலவாகும். ஹஜ்ஜுக்குச் சென்றவர் காரை ஒரு மாதம் நிறுத்தியிருப்பின் ஏறத்தாழ 30 அம்பியர் மணி போய்விடும். ஹைபிரிட் கார்களின் சிறிய 12 வோல்ற்று மின்கலம் அதனைத் தாங்குவது அரிது. அம்மின்கலம் வற்றினால் பெரிய அடுக்கு நிறைந்திருந்தும் கார் ‘ரெடி’ நிலைக்கு வாராது. யாவரும் அறிந்த 1234 என்னும் குறியெண்ணோடு திறந்து கிடக்கும் செருகி, அருகில் நிற்கும் அயலார்க்கும் வழிவிடக்கூடும். பயன் முடிந்ததும் கழற்றி வைத்தலே காவல்.

கைபேசியை இணைத்ததும் பெயரேடு காரின் நினைவகத்துக்குச் செல்லக்கூடும். காரை விற்கும்போது அப்பதிவை அழியாது விட்டால், நம் உறவினர் அனைவரின் எண்களும் அயலார் கைக்குப் போகின்றன. உரிமை மாற்றப் படிவத்தில் கையொப்பமிடும் அதே நாளில், தலைக்கருவியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புதலும் நடக்க வேண்டும். இவையெல்லாவற்றுக்கும் மேலான காவல், ஓடும் காரில் இணைப்பைத் தேடாமை. மிதிவண்டியும் மாட்டு மந்தையும் பள்ளிச் சிறுவரும் பங்கிடும் சாலை நம்முடையது. திரையில் செலவிடும் இரு நொடிகளில், மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் 33 மீற்றர் கடந்துவிடும். நிறுத்திவிட்டே தேடுக.

இவ்வறிவு நம் மண்ணில் வேரூன்ற வழியும் வாய்ப்பும் உண்டு. மாவடிப்பள்ளியைக் கடந்ததும் வரும் சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் அமைந்துள்ளது. சாலையெங்கும் பட்டறிவு மிக்க கராஜ்கள் உள்ளன. எந்த ஆண்டு அக்குவாவில் எவ்வகைச் செருகி பேசுகின்றது, எத்தலைக்கருவி எப்பணியை ஏற்கின்றது, எப்பிழைக்கு எத்தீர்வு பயன் தந்தது என்பதை மாணவரும் தொழிலாளரும் சேர்ந்து தமிழில் பதிந்து வைத்தால், நம் கரையோரக் கார்களுக்கென ஒரு கையேடு உருவாகும். ஜப்பானிய எழுத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் கிடக்கும் விவரம் நம் மக்கள் மொழியில் வந்துசேரும். தேவையற்ற உதிரிப்பாகங்களுக்குச் செலவாகும் பணம் குடும்பங்களில் தங்கும். கைமாறும் ஒவ்வொரு காரின் உண்மை நிலையும் வாங்குவோர்க்கு விளங்கும். “கனெக்ட் ஆகுதில்ல” என்ற சொல்லுக்குப் பின், “எந்தப் படியில் நின்றது?” என்ற வினாவை ஒவ்வொருவரும் கேட்கத் தொடங்கும் நாளே அக்கையேட்டின் முதல் நாள்.